ஓபியாய்டு சிகிச்சை ஊர் வரை வர யார் யார் கைகொடுக்க வேண்டும்? ஓர் எளிய விளக்கம்

கடலூர் பக்கம் போதை என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பாட்டில்தான். முள்ளோடையைத் தாண்டினால் பாண்டிச்சேரி, அங்கே விலை குறைவு. அந்தக் கதை நமக்குப் பழசு. அதனாலேயே, வலி மாத்திரையைப் பொடித்து சலைனில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பையன் நம் தெருவிலேயே இருந்தாலும் கண்ணில் படமாட்டான். வாயில் வாடை இல்லை, தெருவில் சண்டை இல்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பான். வீட்டில் கேட்டால், "இப்பல்லாம் எந்நேரமும் தூங்கி வழியறான்" என்று மட்டும் சொல்வார்கள்.

இந்த வகைப் போதைக்கு நல்ல மருந்து இருக்கிறது. பல ஆண்டுகளாக இருக்கிறது, அரசுத் திட்டங்களில் இலவசமாகவும் தருகிறார்கள். ஆனால் மருத்துவமனைக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மருத்துவமனை மட்டும் தனியாக அடைத்துவிட முடியாது. அந்தத் தூரத்தை யார் யார் சேர்ந்து குறைக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கொஞ்சம்.

ஓபியாய்டு என்றால்

நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து மார்ஃபின், கோடீன். மார்ஃபினை ரசாயன முறையில் மாற்றினால் ஹெராயின். செடியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுபவை டிரமடால், டேபென்டடால், ஃபென்டனில் போன்றவை. இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுப்பெயர் ஓபியாய்டு. புற்றுநோய் வலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இவற்றை விட்டால் வேறு கதியில்லாத நேரங்கள் உண்டு. ஆகவே மருந்தின் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை.

தொடர்ந்து எடுத்தால் உடம்பு பழகிவிடும். நேற்று ஒரு மாத்திரையில் வந்தது இன்று இரண்டில்தான் வரும். நிறுத்தினால் சில மணி நேரத்தில் ஆரம்பிக்கும்: மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். அப்புறம் வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி, இரவு முழுக்கத் தூக்கமின்மை. ஹெராயின் மாதிரி சீக்கிரம் இறங்கும் சரக்காக இருந்தால் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்த மூன்று நாட்களில் "செத்தாலும் பரவாயில்லை" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஒரு கட்டத்துக்குப் பிறகு இவர்கள் மருந்தைத் தேடிப் போவது சுகத்துக்காக அல்ல, காலையில் எழுந்து நிற்பதற்காக.

2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் ஏதாவதொரு ஓபியாய்டைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. அதை நடத்தியது டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம். மிசோரம், நாகாலாந்து, பஞ்சாப் போன்ற மாநிலங்கள் அந்தப் பட்டியலின் மேலே இருந்தன. நம் பக்கம் அந்த அளவு இல்லை. குடிக்கு முன்னால் இது சின்னதாகத்தான் தெரியும். சின்னதாக இருக்கும்போதே வழி போட்டு வைப்பது சுலபம் என்பது என் கருத்து.

சிகிச்சை என்றால் பத்து நாள் அட்மிஷன் அல்ல

நம் ஊரில் ஒரு பொதுவான நம்பிக்கை: எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்து, பத்து நாள் பூட்டி வைத்து, உடம்பைச் சுத்தம் செய்தால் ஆள் சரியாகிவிடுவான். ஓபியாய்டைப் பொறுத்தவரை இது ஆபத்தான நம்பிக்கை. பத்து நாளில் விலகல் வேதனை, அதாவது நிறுத்தியதும் வரும் அந்த வலியும் வாந்தியும், அடங்கும். ஏக்கம் அடங்காது. வெளியே வந்து பழைய நண்பனைப் பார்த்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்வான். ஆனால் உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். மூச்சு நின்றுபோகும் சாவுகளில் கணிசமானவை இப்படி மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த சில வாரங்களில் நடப்பவைதான்.

உலகம் முழுவதும் பலன் தந்திருப்பது வேறு முறை. புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் என்ற மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் தருவது. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் அதிகம் புழங்குவது புப்ரெனார்ஃபின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை.

இது எப்படி வேலை செய்கிறது? கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அப்படி. மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் இருக்கைகளில் புப்ரெனார்ஃபின் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுகிறது. பின்னால் ஏறுகிற ஹெராயினுக்கோ டேபென்டடாலுக்கோ பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. இருக்கை காலியாக இல்லாததால் விலகல் வேதனை வராது. புப்ரெனார்ஃபினின் தூண்டுதல் ஓர் அளவுக்கு மேல் ஏறாது என்பதால் பெரிய போதையும் வராது. ஆள் வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம். ஆனால் முதல் மாத்திரைக்கு நேரம் பார்க்க வேண்டும். உடம்பில் ஹெராயின் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே கொடுத்தால், புப்ரெனார்ஃபின் அதை எழுப்பி விரட்டிவிட்டு உட்காரும், விலகல் வேதனை ஒரேயடியாக வந்து தாக்கும். அதனால்தான் கடைசி ஊசி போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்து, கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிய பிறகு ஆரம்பிக்கிறார்கள். உடம்பிலிருந்து மெதுவாக இறங்கும் சரக்கென்றால் காத்திருப்பு இன்னும் நீளும்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு, படித்தவர்களிலும் உண்டு. இந்தச் சிகிச்சையில் இருக்கும்போது இறக்கும் ஆபத்து, சிகிச்சையில் இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசியைப் பகிர்வது குறைவதால் எச்.ஐ.வி.யும் குறைகிறது. இதற்கு மேல் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

சரி, அந்த மருந்து கொடுக்கும் இடம் எப்படி இருக்கும்? ஓ.எஸ்.டி. மையம் என்பார்கள், அதாவது போதைச் சரக்குக்குப் பதிலாக இந்த மருந்தைத் தரும் சிகிச்சை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் ஒரு மூலையில் ஓர் அறை. நர்ஸ் அட்டையைப் பார்த்து, அன்றைய அளவு மாத்திரையை எடுத்துப் பொடியாக்கி, வந்தவரின் நாக்குக்கு அடியில் கொட்டுவார். அவர் பேசாமல், எச்சில் விழுங்காமல் எதிரே பெஞ்சில் உட்கார வேண்டும். சில நிமிடம் கழித்து, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். பொடியாக்குவதும் வாயைப் பார்ப்பதும் எதற்கென்றால், மாத்திரையை வாயில் ஒளித்துக்கொண்டு போய் வெளியே விற்காமல் இருக்கத்தான். மறுநாளும் வர வேண்டும், அதற்கு மறுநாளும். நிலைமை சீரானவர்களுக்குச் சில நாள் மாத்திரையை வீட்டுக்குத் தரும் வழக்கமும் உண்டு. 2020 ஊரடங்கின்போது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ இதற்கு அனுமதி தந்தது. ஆனால் ஆரம்ப வாரங்களில் தினமும் வந்தாக வேண்டும்.

இந்த "தினமும்" என்ற இடத்தில்தான் எல்லாம் சிக்குகிறது.

கடலூரிலிருந்து ஒரு கணக்கு

கடலூர் முதுநகர் பக்கத்துச் சிங்காரத்தோப்பில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வயது 24, விசைப்படகில் கூலி. விடியலுக்கு முன்னால் படகு ஏற வேண்டும். ஜிப்மர்தான் நல்லது என்று யாரோ சொல்கிறார்கள். ஜிப்மரின் மனநலத் துறையில் போதைச் சிகிச்சை உண்டு. கடலூர், விழுப்புரத்திலிருந்து எல்லா நோய்க்கும் ஜனங்கள் அங்கே போவது வழக்கம்தான். ஆனால் முதுநகரிலிருந்து கடலூர் பஸ் நிலையம், அங்கிருந்து பாண்டி பஸ், பாண்டியில் இறங்கி கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ், பிறகு ஓ.பி. சீட்டு வரிசை. ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் செலவு வேறு. ஒருமுறை போய்வரலாம். தினமும் எப்படிப் போவது? திட்டக்குடி, வேப்பூர் பக்கத்து ஆளுக்கு ஜிப்மர் என்ன, மஞ்சக்குப்பத்து ஜி.எச்.சே தூரம்தான்.

எல்லைப் பிரச்சினை தனி. ரெட்டிச்சாவடிக்காரருக்குப் பக்கம் புதுச்சேரி, ஆனால் அது வேறு ஆட்சி, வேறு சுகாதாரத் துறை, வேறு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், வேறு போலீஸ். நடுவே புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் உள்ளும் வெளியுமாகக் கோத்துக்கொண்டு கிடக்கிறது. சரக்குக்கு எல்லை கிடையாது. சிகிச்சை அட்டைக்கு மட்டும் எல்லை உண்டு. பாண்டியில் மருந்து ஆரம்பித்தவர் கடலூருக்குக் குடிமாறினால் இங்கே யார் தொடர்ந்து கொடுப்பது என்பதை இரண்டு பக்கத்து மருத்துவர்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் அந்த ஆள் நடுவில் விழாமல் இருப்பார்.

தூரத்தை விடப் பெரியது பயம். மையத்துக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ, தங்கைக்கு மாப்பிள்ளை அமையாதோ, படகு முதலாளி ஏற்ற மாட்டாரோ. மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த மூன்று பயத்துக்கும் அவரிடம் மருந்து கிடையாது. அது போலீஸிடமும் ஊரிடமும் முதலாளியிடமும் இருக்கிறது. கூட்டு முயற்சி தேவைப்படுவது இதனால்தான்.

கூட்டு என்றால் பேரணி அல்ல

ஜூன் 26, சர்வதேச போதை ஒழிப்பு தினம். பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துக்கொண்டு பாரதி சாலையில் நடப்பார்கள், எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். இதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை ஊசி போடுகிறவன் ஒருவன் மனம் மாறி, "நான் எங்கே போகணும்?" என்று கேட்டால் பதாகை பிடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

கூட்டு என்பது சின்னச் சின்ன ஒப்பந்தங்களின் தொகுப்பு. யார் யாருக்குப் போன் செய்வது, எத்தனை மணிக்கு மையம் திறப்பது, பஸ் காசை யார் கொடுப்பது, போலீஸ் எதைச் செய்யாமல் இருப்பது. இவ்வளவுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓடிக்கொண்டிருக்கும் முன்மாதிரி ஒன்று உண்டு. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், ஊசிவழிப் போதை எடுப்பவர்களுக்கு ஓ.எஸ்.டி. கொண்டுவரப்பட்டது. இதில் ஒரு வகை ஏற்பாடு இது: மருந்தும் மருத்துவரும் நர்ஸும் அரசு மருத்துவமனையில் இருப்பார்கள். ஆளைத் தேடிப் போவது, அழைத்து வருவது, வராதவரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் ஒரு தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. மருத்துவமனைக்குச் சந்து பொந்து தெரியாது. தொண்டு நிறுவனத்திடம் மருந்து இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அந்தத் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் மொத்தக் கட்டமைப்பும் இவர் தோளில்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட வேலைக்குப் பெரும்பாலும் பழைய ஆட்களையே, அதாவது ஒரு காலத்தில் தாங்களே ஊசி போட்டு மீண்டவர்களையே எடுப்பார்கள். பாழடைந்த கட்டடத்தின் பின்பக்கமோ, ரயில் பாதையோரமோ, எங்கே கூடுவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். முதல் சந்திப்பில் சிகிச்சை பற்றிப் பேச மாட்டார். "தம்பி, சாப்பிட்டியா? கையில அந்தப் புண்ணு என்ன, காட்டு" என்பதில் ஆரம்பிக்கும். புண்ணுக்குக் கட்டுப் போட கூட்டிப் போவார். அடுத்த வாரம் நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார். எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களைத் தமிழ்நாட்டில் அப்படித்தான் அழைக்கிறோம். மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் பையனே கேட்பான்: "அண்ணே, அந்த மாத்திரை பத்திச் சொன்னீங்களே..." முதல் நாள் மையத்துக்குக் கூடவே போய்ப் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவார். மூன்று நாள் ஆளைக் காணோம் என்று நர்ஸ் சொன்னால் அன்று மாலையே வீட்டுக் கதவைத் தட்டுவார். தெருவில் யார் கேட்டாலும் "படகு வேலை விஷயமா வந்தேன்" என்பார். வீட்டில் அம்மாவிடம் தனியாக, "அம்மா, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. நல்லா இருக்கான்னா அந்த மாத்திரையாலதான் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு வருவார். சம்பளம் சொற்பம், வேலை இவ்வளவு. கூட்டு முயற்சிக்குப் பணம் ஒதுக்குவதென்றால் முதல் ரூபாய் இவருக்குப் போக வேண்டும்.

போலீஸோடு பேச வேண்டியது

மையத்தின் வாசலில் ஜீப் நின்றால் மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். எனவே முதலில் பேச வேண்டியது மாவட்டக் காவல் அதிகாரிகளிடம்தான். சட்டமே இதற்கு இடம் தருகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர் மீது பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றச்சாட்டு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு மையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 39ஆம் பிரிவு, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது.

இந்தப் பிரிவுகளைத் தெரிந்துவைத்திருக்கும் காவலர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடம்தான். ஒரு மனநல மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் போய் ஸ்டேஷன் காவலர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: மையத்தின் வாசலில் ஆள் பிடிக்காதீர்கள், பையில் சிகிச்சை அட்டை இருப்பதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள், சிறு அளவோடு பிடிபட்டவரிடம் மையத்தின் எண்ணைக் கொடுங்கள். விற்கிறவனைப் பிடிப்பது அவர்கள் வேலை. அதில் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

மற்றவர்கள்

மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு யாருக்கும் கிடையாது. அந்த எடை இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஊசி போட்டவனுக்கு அபராதம் என்று தீர்மானம் போட்டால் அவன் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வான். "சிகிச்சையில் இருக்கிறவனைப் படகிலிருந்து இறக்கக் கூடாது" என்று நாட்டார்கள் ஒரு வார்த்தை சொன்னால், எந்த விழிப்புணர்வு முகாமும் செய்யாததை அது செய்யும். இன்னொன்றும் தோன்றுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள். தினமும் மையத்துக்கு வந்தாக வேண்டிய ஆரம்ப வாரங்களை அந்த நாட்களில் வைத்துக்கொண்டால், கடலுக்குத் திரும்பும் நேரத்தில் சிலராவது வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் நிலைக்கு வந்திருப்பார்கள். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இதைத் திட்டமிட்டுச் செய்ய முடியும். பிறகு மையத்தின் நேரம். காலை 9 முதல் 1 என்பது அலுவலக வசதி. சிப்காட் ஷிப்டுக்கும் படகு கரை சேரும் நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி மாலையில் இரண்டு மணி நேரம் திறக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்காரர்கள் அடுத்து. டிரமடால் எச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018இல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. நேர்மையாகக் கடை நடத்துகிறவருக்கு யார் எதற்கு வருகிறார்கள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரியும். சீட்டில்லாமல் மூன்றாவது முறை கேட்டு வருகிறவனை விரட்டுவதோடு நிறுத்தாமல், கவுன்ட்டருக்கு அடியிலிருந்து மையத்தின் எண் எழுதிய சின்னச் சீட்டொன்றை எடுத்துக் கொடுக்கலாம். மருந்து வணிகர் சங்கம் மனது வைத்தால் ஒரே வாரத்தில் நடக்கிற காரியம்.

ஆனால் தூரத்தை உண்மையாகவே உடைக்க வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளே வர வேண்டும். பாண்டிச்சேரியை ஆண்டுவிட்டுப் போன பிரான்சே இதற்கு நல்ல பாடம். 1995இல் அங்கே சாதாரண குடும்ப மருத்துவர்களும் புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று அனுமதித்தார்கள். 1999க்குள் ஹெராயினை அளவுக்கு மீறி எடுத்ததால் நேர்ந்த சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் வேறு மாதிரிச் செய்தது: சிக்கலான நோயாளிகளைச் சிறப்பு மையம் பார்க்கும், நிலை சீரானதும் அவரவர் ஊர் மருத்துவரிடம் அனுப்பிவிடும், ஏதாவது கோளாறானால் மறுபடி மையத்துக்கே திரும்பலாம். இங்கே விதி கடுமையானது. போதைச் சிகிச்சைக்கான புப்ரெனார்ஃபின் சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் பிரான்சை அப்படியே நகலெடுக்க முடியாது. வெர்மான்ட் பாணியில் ஒரு பகுதியைச் செய்யலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்டாரங்களுக்குப் போய் வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, அதாவது பழைய ராஜா முத்தையா. புண், காய்ச்சல், மஞ்சள்காமாலைப் பரிசோதனை, ஆலோசனை, மாத்திரையைத் தொடர்கிறாரா என்ற விசாரிப்பு எல்லாம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நடந்து, அளவை மாற்றுவதற்கு மட்டும் பெரிய ஊருக்குப் போனால் போதும் என்றாலே பாதிச் சுமை குறையும். 2025இல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்ததும் இந்தத் திசையில்தான்.

ஊரே இடம் கொடுத்துச் சிகிச்சையை வரவழைத்த பழைய உதாரணம் ஒன்று நம் டெல்டாவிலேயே உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனம், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. குடிநோயாளிகளுக்கான முகாம் அது. உள்ளூர் அமைப்பு இடமும் சோறும் பார்த்துக்கொள்ளும், சென்னையிலிருந்து சிகிச்சைக் குழு வந்து தங்கும், முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்க்கும். ஓபியாய்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. தினசரி மருந்து குறுக்கே நிற்கும். ஆனால் "ஊர் எதைக் கொடுக்கும், நிபுணர் எதைக் கொடுப்பார்" என்று பிரித்துக்கொண்ட விதம் அப்படியே எடுத்தாளத் தக்கது.

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வலிக்காக ஆரம்பித்த மாத்திரையை விட முடியாமல் தவிக்கும் பெண் ஆண்கள் நிற்கும் வரிசைக்கு வரமாட்டாள். சுய உதவிக் குழுவின் அக்காக்களும், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களும் அந்த வீட்டுக்குள் போக முடியும். வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்தால் வருவார்கள்.

ஒருவரை மட்டும் கூட்டில் சேர்க்கும் முன் நன்றாக விசாரிக்க வேண்டும்: தனியார் மறுவாழ்வு மையங்கள். நல்லவை இருக்கின்றன. ஆளை வலுக்கட்டாயமாக வேனில் தூக்கிப் போட்டு, அடித்து, பூட்டி வைக்கும் இடங்களும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைச் சிகிச்சையையும் உள்ளடக்கியது. அதன்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழையும் மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார் என்பதையும் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது

பெரிய மாநாடு வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவர், மையத்து நர்ஸ், களப்பணியாளர், காவல் துறையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர், ஊர்ப் பஞ்சாயத்து ஆள், மீண்டுவந்த ஒருவர், ஒரு தாய். ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும். மீண்டுவந்தவரைக் கடைசியில் "அனுபவம் பகிர" மட்டும் அழைக்காதீர்கள். மையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய அவரிடம்தான் கேட்க வேண்டும். முடிவானதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அந்தத் தாள் மிச்சம் இருக்கும்.

ரகசியம் பற்றி அந்தத் தாளில் கட்டாயம் ஒரு வரி இருக்க வேண்டும். யார் சிகிச்சையில் இருக்கிறார் என்ற விவரம் மையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது மனநலச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை. பஞ்சாயத்து கேட்டாலும் முதலாளி கேட்டாலும் "எத்தனை பேர்" என்று மட்டும் சொல்லலாம், "யார்" என்று சொல்லக் கூடாது. இதில் ஒருமுறை சறுக்கினால் எழுந்திருக்க வருடங்கள் ஆகும்.

மூச்சு நிற்கும் அவசரத்துக்கும் எல்லோரும் தயாராக இருக்க வேண்டும். தட்டினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு நிமிடத்துக்கு ஓரிரண்டாகக் குறைந்து, கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். 108க்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். மூச்சு தானாக வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இதை முறிக்கும் மருந்தின் பெயர் நலாக்ஸோன். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் அது கையிருப்பில் இருக்கிறதா என்பதைக் கூட்டம் நடக்கும் அன்றே கேட்டுவிடுங்கள். குடியும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இந்த ஆபத்து பல மடங்காகும். சாராயக் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் எல்லையோர ஊர்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வேலை நடக்கிறதா என்பதை எப்படி அளப்பது? எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்ற கணக்கு எதற்கும் உதவாது. மருந்து ஆரம்பித்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் வருகிறவர்கள் எத்தனை பேர், நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள், அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள். இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை அந்த ஏழு பேரும் பார்த்தால், கோளாறு பஸ் காசிலா, நேரத்திலா, நர்ஸின் பேச்சிலா என்பது தானே தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டிலேயோ தெருவிலேயோ ஒருவர் இருந்து, கூட்டமெல்லாம் கூடும்வரை காத்திருக்க முடியாது என்றால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்து, உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள மையம் எது, அங்கே புப்ரெனார்ஃபின் தருகிறார்களா என்று கேளுங்கள். மனம் சோர்ந்து, செத்துவிடலாம் என்று பேசுகிறவராக இருந்தால் டெலி மானஸ் 14416. மருத்துவரிடம் போகும்போது காலி மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, ஊசியா வாய்வழியா, கடைசியாக எடுத்தது எத்தனை மணிக்கு என்பதை மருத்துவர் முதலில் கேட்பார்.